பூச்சி பிடிக்கும் பிள்ளை பூச்சியியலாளர் ஆவது எப்படி: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஜன்னல் மூலையில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டி சொன்னதால் யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது கூட்டின் ஓர் அறை மட்டும் பெயர்ந்து விழுந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே 11 சிலந்திகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, அவற்றின் நடுவில் அரிசி அளவில் வெள்ளையாக ஒரு புழு. சிலந்திகள் செத்துவிட்டன என்று நினைத்து ஒன்றைத் துடைப்பக் குச்சியால் தொட்டேன். கால் லேசாக அசைந்தது.

அன்று வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்தேன்: 11 சிலந்தி, 1 புழு, சிலந்தி சாகவில்லை, ஓடவும் இல்லை. தாய்க்குளவி சிலந்தியைக் கொட்டி முடக்கி மட்டும் வைக்கிறது, தன் புழு தின்று முடிக்கும்வரை தீனி அழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இது எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது. இன்று ஒட்டுண்ணிக் குளவிகளை, அதாவது மற்ற பூச்சிகளின் உடம்பில் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் குளவிகளை, ஆராய்வதுதான் என் வேலை, சம்பளமும் அதற்குத்தான்.

பூச்சி மேல் ஆசைப்படாத பிள்ளை உண்டா என்ன? தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்கள், குழியானையை மண்ணை ஊதி ஊதி வெளியே எடுத்தவர்கள், மழை நின்றதும் தட்டான் பின்னால் ஓடியவர்கள் என்று ஒரு தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் கடைசிவரை வந்தவர்களிடம் நான் பார்த்த ஒரே வித்தியாசம், அவர்கள் பார்த்ததை எழுதிவைத்தார்கள். பட்டம், தேர்வு, ஆய்வகம் எல்லாம் அப்புறம் வருபவை. அதனால் நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளி, கல்லூரி படிக்கிறவர்களுக்கும் அவர்களின் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இது.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரே இடம்

அட்டை போட்ட கோடில்லாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, எந்தச் செடி, எத்தனை பூச்சி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். ‘அழகான பட்டாம்பூச்சி பார்த்தேன்’ என்று எழுதினால் பத்து வருடம் கழித்து அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘ஜூன் 14, காலை 8.20, அல்சூர் ஏரிக்கரை, உண்ணிச்செடிப் பூவில் 3 பட்டாம்பூச்சி, ஒன்று மற்றொன்றைத் துரத்துகிறது’ என்று எழுதினால் அது ஒரு தரவு. படம் வரையுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. வரையும்போதுதான் உணர்கொம்பு எங்கே வளைகிறது, காலில் எத்தனை முள் என்பதெல்லாம் கண்ணில் படும். போனில் எடுத்த படம் கூடவே இருக்கட்டும், ஆனால் வரைவதற்கு அது ஈடாகாது.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வீட்டு மாடித் தொட்டி, பள்ளி மைதானத்து மூலை, வாரம் ஒரு முறை போகக்கூடிய ஏரிக்கரை, எதுவானாலும் ஒரே இடத்தை ஒரு முழு வருடம் பாருங்கள். முதல் மழை நின்ற மாலையில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்குமே, அது உங்கள் தெருவில் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, மறுநாள் காலையில் தரையில் சிறகுகள் எவ்வளவு கிடந்தன என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் எழுதினால் உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும், எந்தப் பேராசிரியரைவிடவும்.

வசதியான ஆய்வகம் இருந்தால்தான் அறிவியல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறு உயிரியலில். ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற காகிதக்கூட்டுக் குளவியை அவர் கவனிக்கத் தொடங்கியது பொழுதுபோக்காக. அதுவே பின்னால் அவருடைய முழுநேர ஆராய்ச்சியாகி, உலகம் முழுக்கத் தெரிந்த வேலையானது. இந்தக் குளவி கூடு கட்டுவது நம் ஊர்க் கட்டடங்களில், ஜன்னல் ஓரங்களில்தான். செல்வதற்கு டிக்கெட்கூடத் தேவையில்லை.

இரண்டாம் படி: ஒரு பூச்சி வகையைப் பிடித்துக்கொள்வது

உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூச்சியினங்கள் சுமார் 10 லட்சம். எல்லாவற்றையும் தெரிந்துகொள்வேன் என்று இறங்கினால் எதுவும் நிற்காது. எறும்பு, தட்டான், பட்டாம்பூச்சி, வண்டு, தேனீ, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் அதிலேயே இருங்கள். தொடக்கத்துக்குப் பட்டாம்பூச்சியும் தட்டானும் சுலபம், பகலில் தெரியும், படங்களோடு கையேடுகள் நிறைய உண்டு. அந்துப்பூச்சி பிடித்தவர்களுக்கு மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி முன்னால் ஒரு பல்பு போட்டாலே போதும், ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள், அப்போது எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற இணையதளங்களில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். விளக்குப் போடும்போது ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக, மெல்லிசாக, எறும்பு போல ஓடும் ஒரு வண்டு வரும். ஹாஸ்டல் பிள்ளைகள் ஆசிட் பூச்சி என்பார்கள். மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், நசுக்கினால் தோல் வெந்தது போலக் கொப்பளித்துவிடும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் இன்று தட்டானைத் தும்பி என்கிறோம், பழந்தமிழ்ப் பாட்டில் வரும் தும்பியோ பூவில் தேன் தேடுவது. தட்டான் தேன் குடிக்காது, கொசு பிடித்துத் தின்னும். முருங்கைப் பூவுக்கு ரீங்காரத்தோடு வரும் பெரிய கறுப்புப் பூச்சியைக் கருவண்டு என்கிறோம், அது உண்மையில் மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தேனீ. சேலத்தில் ஒரு பெயர், நாகர்கோவிலில் வேறு பெயர். அதனால் அறிவியல் பெயரைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் ஊர்ப்பெயரையும் நோட்டில் எழுதுங்கள். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்று நம்மவர்கள் வைத்த பெயர்களிலேயே அது எங்கே, எப்படிக் கூடு கட்டுகிறது, எவ்வளவு பெரியது என்பது இருக்கிறது. இங்கே வயல்களில் வேலை செய்யும் அக்காமார்களிடம் கன்னடப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன், அவர்களுக்குத் தெரிந்த அளவு பல பட்டதாரிகளுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: வளர்த்துப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் போதும். மார்மன் என்கிற கறுப்புப் பட்டாம்பூச்சி வந்து தளிரில் உருண்டையாக ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் பொரியும். சின்னப் புழு பார்க்கப் பறவை எச்சம் போலவே இருக்கும், பழுப்பும் வெள்ளையும் பளபளப்பும். பெரிதானதும் ஒருநாள் தோலுரித்துப் பச்சையாக மாறி நிற்கும். அப்போது விரலால் லேசாகத் தொடுங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு ஈரத்தோடு நீளும், கூடவே ஒரு நெடி அடிக்கும். எதிரியை விரட்டும் வேலை அது.

ஐந்தாறு புழுவை இலையோடு எடுத்து, வாயில் வலைத்துணி கட்டிய ஜாடியில் விடுங்கள். தினமும் புது இலை, தினமும் கழிவைத் துடைத்துவிடுவது. தோலுரித்த நாள், தின்ற இலை, கூட்டுப்புழுவான நாள், எல்லாம் நோட்டில். சிலது பட்டாம்பூச்சியாக வரும். சிலதில், கூட்டுப்புழுவின் பக்கத்தில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்து, உள்ளிருந்து பொடிப்பொடியாகக் குளவிகள் வரிசையாக வெளியே வரும். பிள்ளைகள் அழுவார்கள். நானும் முதல் தடவை அழுதேன். ஆனால் அழுது முடித்ததும் எத்தனை குளவி என்று எண்ணினேன், எண்ணாமல் விட்டிருந்தால் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் குளவி வகையறாதான் நம் ஊர் விவசாயத்தைப் பல தடவை காப்பாற்றியது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் வெள்ளை மாவு போல ஒரு பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைத் தவிக்க வைத்தது, மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. அதன் சொந்த ஊரான அமெரிக்கக் கண்டப் பக்கத்தில் அதை அடக்கி வைத்திருப்பது ஒரு பொடிக்குளவி. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து, பெங்களூர் ஆய்வகத்தில் பரிசோதித்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. பூச்சி படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கும் மாமாக்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சேகரிப்பு: எப்போது, எப்படி

சின்னப் பிள்ளைகளுக்குச் சேகரிப்பு வேண்டாம், செத்துக் கிடப்பதை எடுத்தால் போதும். ஜன்னல் விளிம்பு, தெருவிளக்கின் கீழ், இவற்றிலேயே வண்டுகள் நிறையக் கிடைக்கும். கல்லூரி வந்ததும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறைய இனங்களைப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது, லென்ஸுக்குக் கீழே காலும் கொம்பும் பார்த்தால்தான் தெரியும்.

வண்டுக்கு ஊசி குத்துவது வலது மேலுறைச் சிறகில், நட்டநடுவில் குத்தினால் அடியில் இருக்கும் முக்கியமான உறுப்பு சிதைந்துவிடும். பட்டாம்பூச்சிக்கு நெஞ்சின் நடுவில். ரொம்பப் பொடிசாக இருந்தால் முக்கோண அட்டை நுனியில் பசை வைத்து ஒட்ட வேண்டும். மென்மையான உடம்புள்ளவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம். ஊசிக்குக் கீழே லேபிள்: இடம், தேதி, பிடித்தவர், செடி. லேபிள் இல்லாத பூச்சி எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் அலங்காரப் பொருள்தான். பெட்டியை எறும்பு ஒரே ராத்திரியில் காலி செய்துவிடும், மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அம்மா சர்க்கரை டப்பாவுக்குச் செய்வது மாதிரிதான்.

சட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. காட்டுக்குள், சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒன்றையும் பிடிக்கக் கூடாது. 2008-இல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பூச்சி சேகரித்ததாகச் செக் நாட்டவர் இருவர் கைதானார்கள். லால்பாக், கப்பன் பூங்காவில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் படிப்பு: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்

பத்தாவது முடித்ததும் உயிரியல் உள்ள பிரிவு. பியுசியில் (பதினொன்று, பன்னிரண்டாவதுக்குக் கர்நாடகத்தில் அந்தப் பெயர்) பிசிஎம்பி, அதாவது இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் எடுத்தால் நல்லது, கணக்கைக் கைவிட வேண்டாம். பூச்சி ஆராய்ச்சியில் பாதி நாள் எண்ணிக்கையும் புள்ளியியலும்தான். அதற்குப் பிறகு மூன்று வழி.

முதலாவது வேளாண்மை வழி: நான்கு வருட இளநிலை வேளாண்மை, இரண்டு வருட முதுநிலை வேளாண் பூச்சியியல், பிறகு முனைவர் பட்டம். பெங்களூரில் ஜிகேவிகே வளாகத்து வேளாண் பல்கலைக்கழகம், தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், இரண்டிலும் பூச்சியியல் துறை பலமானது. இரண்டாவது விலங்கியல் வழி: இளநிலை, முதுநிலை, நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம். சென்னை லயோலா கல்லூரியில் இலைப்பேன் ஆராய்ச்சியில் பேர்பெற்ற டி. என். அனந்தகிருஷ்ணன் தொடங்கிய பூச்சியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மூன்றாவது, ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருடப் படிப்பு அல்லது இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டம். பரிணாமம், நடத்தை, சூழலியல் பக்கம் ஆசை இருந்தால் இது.

நான் போனது விலங்கியல் வழி. கல்லூரியில் சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்தவர், எதில் சேர்ந்தாலும் கடைசியில் பூச்சி பூச்சிதானே என்றார், நானும் நம்பினேன். மூன்று வருடம் முடித்து வேளாண் பல்கலைக்கழக முதுநிலைப் பூச்சியியலுக்கு விண்ணப்பிக்கப் போனால், வேளாண்மை சார்ந்த இளநிலைப் பட்டம் இல்லாமல் சேர முடியாது என்று தெரிந்தது. வேளாண் பல்கலைக்கழக ஆசிரியர் வேலையும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானி வேலையும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவர்களுக்கே. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தேன். அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். ஆகவே பன்னிரண்டாவதிலேயே முடிவு செய்யுங்கள்: பயிர், பூச்சிக் கட்டுப்பாடு, அரசு விஞ்ஞானி வேலை என்றால் வேளாண்மை. நடத்தை, பரிணாமம், காடு என்றால் மற்ற இரண்டும் சரி.

நம் போல இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல், எந்த மாநில ஒதுக்கீடு என்பது. கர்நாடக ஒதுக்கீட்டுக்கு இங்கே எத்தனை வருடம் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள், தமிழ்நாட்டுக்கு அங்கத்திய இருப்பிடச் சான்று. இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடாமல் ஒன்பதாவதிலேயே விசாரித்துவிடுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களும் தனியாக உண்டு.

விலங்கியல் படித்தவர்களுக்குப் பலரும் கவனிக்காத ஒரு கதவு புதுச்சேரியில் இருக்கிறது: 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அங்கே பொதுசுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. டெங்கு, மலேரியா, யானைக்கால் இருக்கும்வரை கொசு படித்தவர்களுக்கு வேலை இருக்கும். கொசு மூலம்தான் மலேரியா பரவுகிறது என்று நிறுவிய ரொனால்ட் ராஸ் 1883-இல் இதே பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்தபோதுதான், தேங்கும் தண்ணீரை ஒழித்தால் கொசு குறையும் என்பதைக் கவனித்தார்.

பெங்களூரில் இருப்பவர்கள் தட்ட வேண்டிய கதவுகள்

பூச்சி ஆசைக்கு இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வள மையம், பப்பாளிக் குளவியை வளர்த்தது இங்கேதான். ஜிகேவிகே வளாகத்திலேயே என்சிபிஎஸ் என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையம், அங்கே தேனீயின் மூளையிலிருந்து பட்டாம்பூச்சிச் சிறகு வரை ஆராய்கிறார்கள், வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பும் உண்டு. ஜக்கூர்ப் பக்கம் ஏட்ரீ என்கிற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம், ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஓசூர் ரோட்டில் மத்தியப் பட்டு வாரியம். பட்டுப்புழுவும் பூச்சிதானே, ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையை ஒரு காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பூச்சியை நம்பி எத்தனை குடும்பம் என்பது புரியும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக: ஜிகேவிகேயில் வருடாவருடம் நடக்கும் கிருஷி மேளா, இந்திய அறிவியல் கழகம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் ‘ஓபன் டே’, பன்னேருகட்டாவில் 2006-இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்கா. கல்லூரி மாணவர்களுக்கு, மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஒரு விஞ்ஞானியிடம் இருக்கலாம்.

பணம், வீட்டுப் பேச்சு

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பெங்களூர் வாடகைக்கு இது தாராளம் இல்லை, ஆனால் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. சூழலியல் பக்கம் போகிறவர்கள் கேட் (GATE) தேர்வில் சூழலியல், பரிணாமம் தாளையும் எழுதலாம். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம் ஆகும், அதன் பிறகும் நிரந்தர வேலைக்குச் சில வருடம் காத்திருக்க நேரலாம், இதை அப்பா அம்மாவிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு முப்பது வயதாகியும் ‘இன்னும் படிக்கிறான்’ என்று சொல்ல வேண்டியிருப்பது அவர்களுக்குச் சுமைதான். விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு, இந்திய விலங்கியல் ஆய்வகம், உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள், மாநில வேளாண்துறை என்று ஆய்வகத்துக்கு வெளியேயும் வேலைகள் உண்டு.

கடைசிப் படி: அந்த முதல் மெயில்

விஞ்ஞானிகளுக்கு வாரத்துக்குப் பத்து மெயில் வரும், ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறு வயது முதலே பூச்சிகள் மேல் தீராத ஆர்வம்’ என்று. அதை விட்டுவிடுங்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படியுங்கள், புரிந்தவரை போதும். மூன்றே பத்தி: நான் யார், உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி, நான் ஒரு வருடமாக இந்த ஏரிக்கரையில் இதைக் கவனித்து வருகிறேன். கூடவே நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம், அடுத்தவருக்கு எழுதுங்கள். எனக்கு ஏழாவது மெயிலுக்குத்தான் பதில் வந்தது, ‘சனிக்கிழமை வா, நோட்டை எடுத்து வா’ என்று ஒரே வரி.

போனதும் பெரிய ஆராய்ச்சி எதுவும் தர மாட்டார்கள். மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பிடித்த பொடிப் பூச்சிகள் ஒரு புட்டி நிறையத் தருவார்கள், நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து ஈ தனி, எறும்பு தனி, குளவி தனி என்று பிரிக்கச் சொல்வார்கள். கழுத்து வலிக்கும். மூன்றாம் நாள் வாக்கில், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவியின் சிறகு ஓரத்தில் மயிர் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். அதை நோட்டில் வரைந்துவிட்டு, தேதி போட்டு, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் இது என்னங்க என்று கேளுங்கள்.